விருந்தும் மருந்தும்

வத்சலாவுக்குக் கோபம் வந்தால் கை சும்மா இராது. துவாய், படுக்கை விரிப்பு, பழைய பேப்பர் என்று அகப்பட்டதை எடுத்து மூலைக்கு மூலை பொருத்தி மடிக்கத் தொடங்கிவிடுவாள். ஸ்டுட்கார்ட் ஆஸ்பத்திரியில் அவளுடைய வார்டு அலமாரிகள் எப்போதும் அத்தனை ஒழுங்காக இருந்ததற்கு அதுதான் காரணம் என்று அவளுடைய கணவர் நடேசன் சொல்வார். கோபப்படுவதற்கு அவளுக்கு அங்கே காரணங்கள் குறைவில்லை.

மானிப்பாயில் ஒரு உபதேசியாரின் மகளாகப் பிறந்து, அங்கேயே மிஷன் ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சி முடித்தவள். 1964இல், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில், ஜெர்மன் சபைச் சகோதரிகள் சிலரின் ஏற்பாட்டில் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து இறங்கினாள். ஊரில் பிரசவம் பார்த்த கைக்கு இங்கே முதல் வருஷம் முழுக்க மலச்சட்டி கழுவும் வேலைதான் கிடைத்தது. அவளுடைய சான்றிதழ் செல்லாதாம். மொழி தெரியாதாம். ஜெர்மன் மொழியில் அவள் முதன்முதலாகச் சரளமாகப் பேசப் பழகிய வாக்கியம் "இது என் வேலை இல்லை" என்பதுதான். அதைச் சொல்லிச் சொல்லியே, மூன்றாம் வருஷம் நீரிழிவு நோயாளர் வார்டில் முறையான தாதியாகிவிட்டாள்.

நடேசன் கொக்குவிலைச் சேர்ந்தவர், சைவர். ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷினில் வேலை பார்த்தார். கை விரல் நசுங்கிக் கட்டுப் போட வந்த இடத்தில், தமிழ் பேசும் தாதியைக் கண்டு, விரல் ஆறிய பிறகும் கட்டு மாற்ற வந்துகொண்டிருந்தார். நகரசபையில் பதிவுத் திருமணம். உபதேசியார் இரண்டு வருஷம் மகளோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளவில்லை. வீட்டில் ஒரு சுவரில் முருகன் படம், எதிர்ச் சுவரில் அவளுடைய வேதப்புத்தகத்துக்கு ஒரு தட்டு. அவர் திருநீறு பூசிக்கொண்டு வேலைக்குப் போவார், அவள் ஜெபம் பண்ணிவிட்டுப் போவாள். ஒருவர் சுவரில் மற்றவர் ஆணி அடிப்பதில்லை என்பது பேசாமலே ஏற்பட்ட உடன்படிக்கை.

பாட் கான்ஸ்டாட் பகுதியில் இருந்த ஒரு தேவாலயத்தின் மண்டபத்தில், மேல்மாடி அறையொன்றை ஞாயிறு பிற்பகல்களில் தமிழருக்கு விட்டிருந்தார் அங்கிருந்த போதகர். யாழ்ப்பாணத்துத் தாதிமார் சிலர், நாகர்கோவில், தஞ்சாவூர்ப் பக்கத்து எஞ்சினியர்கள், இரண்டு மூன்று குடும்பங்கள். லூத்தரன், தென்னிந்திய திருச்சபை, கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு மரபு. எந்தப் பாட்டை எந்த ராகத்தில் பாடுவது என்பதில் சண்டை. தேநீர் ஜெபத்துக்கு முன்னாலா பின்னாலா என்பதில் சண்டை. ஆனாலும் கூடினார்கள். ஆளுக்குக் கொஞ்சமாக வேதத்தை உரத்து வாசிப்பார்கள், தெரிந்ததைப் பேசுவார்கள், யாராவது கொண்டுவந்ததைப் பகிர்ந்து சாப்பிடுவார்கள். அறைச் சாவி வத்சலாவிடம் இருந்தது. சாவி வைத்திருப்பவள் என்பதால் கதவைத் திறப்பது, கூட்டுவது, கோப்பை கழுவுவது, ஜன்னலைச் சாத்துவது எல்லாம் அவள் தலையில் விடிந்தது.

1972ஆம் ஆண்டு வசந்தத்தில் சகோதரர் எலியேசர் வந்து சேர்ந்தார்.

பாளையங்கோட்டைப் பக்கத்து ஆள். சிங்கப்பூர், லண்டன் என்று சுற்றி, ஊழியம் செய்துகொண்டு வருகிறார் என்று யாரோ யாருக்கோ சொல்லி, கடைசியில் ரயில் நிலையத்தில் போய் அழைத்து வரும் பொறுப்பு நடேசன் மேல் விழுந்தது. வெள்ளை ஜிப்பாவின் மேல் கனத்த ஓவர்கோட், அகன்ற நெற்றி, கேட்டவர் உருகிப்போகும் குரல். மேல்தளத்தில் ஒரு சின்ன அறை அவர்கள் வீட்டில் காலியாக இருந்தது. "ரெண்டு நாள்தானே" என்றார் நடேசன்.

இரண்டு நாள் இரண்டு கிழமையாயிற்று. இரண்டு கிழமை பங்குனியைத் தாண்டி, சித்திரையைத் தாண்டி, வைகாசிக்குள் நுழைந்தது.

விடியற்காலையில் சகோதரர் பாடத் தொடங்குவார். கீழ்வீட்டு ஃப்ராவ் ஹெல்டர் விளக்குமாற்றுக் கட்டையால் தன் கூரையை, அதாவது இவர்களுடைய தரையை, இடிப்பாள். சகோதரர் அதைத் தாளம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் உற்சாகமாகப் பாடுவார். சுடுதண்ணீர் முழுவதையும் குளித்துத் தீர்ப்பார். படிக்கட்டைக் கூட்டித் துடைக்கும் வாரமுறை வத்சலாவுடையதாக வரும்போதெல்லாம், ஈரம் காயுமுன் சேற்றுச் சப்பாத்தோடு ஏறி வருவார். ஒருமுறை அவள் துணியும் கையுமாக நிற்க, அவளைத் தாண்டிப் போய்க்கொண்டே, "சகோதரி, இயேசு வீட்டுக்கு வந்தப்பவும் அடுப்படியிலயே கிடந்த மார்த்தாளைப் போல வேலையில கலங்காதீங்க" என்று அறிவுரை சொன்னார். அன்று அந்தத் தரை துடைக்கும் துணியையே வத்சலா நான்காக மடித்தாள்.

"இஞ்சேருங்கோ, இவர் எப்ப போவார்?" என்று நடேசனைக் கேட்டாள்.

"வந்த மனுசனைப் போ எண்டு எப்பிடிச் சொல்லுறது? பாவம், நல்லாப் பாடுறார்."

"நீங்கள் சைவக்காரன். உங்களுக்கேன் அவரின்ரை பாட்டு?"

"பாட்டுக்கு என்ன சமயம்?" என்றார் நடேசன். வேலையால் வந்த களைப்பில் சாய்கதிரையில் கிடந்தபடி, சகோதரரின் பாட்டுக்குத் தலையாட்டுவது அவருக்குப் பழக்கமாகியிருந்தது. விருந்தாளி கிறிஸ்தவர், அவரை அனுப்ப மாட்டேன் என்பவர் சைவர், நடுவில் தான். இதை யாரிடம் போய் முறையிடுவது?

சுடுதண்ணீரையும் படிக்கட்டையும் அவள் பொறுத்திருப்பாள். ஞாயிறு பிற்பகல்களில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

வந்த புதிதில் எல்லாருக்கும் தெரிந்த உபதேசத்தைத்தான் அவர் சொன்னார், மற்றவர்களைவிட அழகாகச் சொன்னார். கூட்டம் கூடியது. முன்பு வராதவர்களெல்லாம் வந்தார்கள். பிறகு மெல்ல மெல்லப் பேச்சு திரும்பியது. இந்த உடம்பு ஒரு சாக்கு என்றார். ஆவிதான் மெய், சாக்குக்கு நோவதெல்லாம் மாயை என்றார். பரிசுத்தமான கடவுள் இந்த அழுக்குச் சாக்குக்குள் எப்படி நுழைவார் என்று கேட்டார். இயேசு மனுஷ உருவத்தில் தோன்றினார், அவ்வளவுதான். பசித்ததும் களைத்ததும் சிலுவையில் துடித்ததும் பார்த்தவர்களின் கண்ணுக்கு அப்படித் தெரிந்தது. இந்த இரகசியம் தனக்குச் சிங்கப்பூரில் வெளிப்படுத்தப்பட்டது என்றார்.

அறை கிறங்கிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தது. வத்சலாவுக்குக் காது சூடேறியது.

"அப்ப இயேசு தன்ரை சிநேகிதன்ரை கல்லறையடியிலை நிண்டு அழுதாரே, அதென்ன நடிப்போ?" என்று கேட்டாள்.

சகோதரர் கண்ணை மூடிப் புன்னகைத்தார். "சகோதரி ஆஸ்பத்திரியில வேலை செய்றாங்க. நாள் பூரா மாம்சத்தையே பாக்கிறாங்க. அவங்க கண்ணு திறக்கணும்னு ஜெபிப்போம்."

எல்லாரும் தலை குனிந்து அவளுடைய கண்ணுக்காக ஜெபித்தார்கள். வத்சலா கண்ணை மூடவில்லை. பக்கத்தில் பாக்கியநாதன் உதடு துடிக்க ஜெபித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். நாகர்கோவில்காரர், ஒரு கம்பெனியில் வரைபடம் போடுபவர், தனியாள். இருபது வயதிலிருந்து நீரிழிவு. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டால்தான் ஆள் நடமாடலாம். அன்றிலிருந்து தொடையிலும் வயிற்றிலும் ஊசி குத்தியே சலித்துப்போன மனிதனுக்கு, உடம்பு பொய் என்ற செய்தி எத்தனை இனிப்பாக இருந்திருக்கும் என்று அவள் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

ஒரு லீவு நாளில் ரயில் ஏறி டூபிங்கனுக்குப் போனாள். அங்கே பல்கலைக்கழகத்தில் ஆசீர்வாதம் என்று தரங்கம்பாடிப் பையன் ஒருவன் ஆதித் திருச்சபை வரலாற்றில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி. எதைக் கேட்டாலும் முதலில் பெருமூச்சு விடுவான்.

"அக்கா, இது ரொம்பப் பழைய விஷயம்" என்றான் கான்டீனில் காப்பியைக் கலக்கிக்கொண்டு. "அப்போஸ்தலர் காலத்திலயே இப்படிச் சொல்லிக்கிட்டு ஊர் ஊரா ஆளுங்க வந்தாங்க. யோவான் எழுதின நிருபம் இருக்கில்ல, அதுல பாதி இதுக்குப் பதில்தான்."

"அப்ப அந்தச் சனம் என்ன செய்தது? எல்லாரும் உன்னைப் போலப் படிச்சவையோ?"

"இல்லக்கா. பாதிப் பேர் அடிமைங்க. துணி நெய்யறவங்க, மீன் விக்கிறவங்க. முழு வேதப்புத்தகம்னு ஒண்ணு கையில கிடையாது. ஒரு ஊருக்கு நிருபம் வந்தா வாசிச்சுட்டு, காப்பி பண்ணி அடுத்த ஊருக்கு அனுப்புவாங்க. ஞானஸ்நானம் வாங்கறப்ப சொல்லிக்கொடுத்த நாலு வரி மனசுல இருந்தது. ஒரே மேஜையில சாப்பிட்டாங்க. எவனாவது வந்து புதுசா ஏதாவது சொன்னா, 'நாங்க முதல்ல கேட்டது இது இல்லையே'ன்னு சொல்லத் தெரிஞ்சிருந்தது. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானோ?"

"கூடவே, சொல்றவன் எப்படி நடந்துக்கிறான்னு பார்த்தாங்க. மனுஷ உடம்பை மதிக்காதவன் பசிச்சவனுக்குச் சோறு போட மாட்டான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. ஆனாலும் கொஞ்சப் பேர் பிரிஞ்சு போனாங்க. அது ரொம்ப வலிச்சிருக்கு, நிருபத்தை வாசிச்சாலே தெரியும்." பிறகு எதையோ நினைத்துச் சிரித்தான். "இன்னொண்ணு இருக்கு. கொஞ்சம் பின்னால வந்த ஒழுங்கு. ஊழியக்காரன்னு எவன் வந்தாலும் கர்த்தரை மாதிரி வரவேற்கணும். ஒரு நாள் தங்கலாம், தேவைப்பட்டா ரெண்டாம் நாளும். மூணாம் நாளும் உட்கார்ந்திருந்தா அவன் கள்ளத் தீர்க்கதரிசி. இங்கயே குடியிருக்கணும்னா வேலை செஞ்சு சாப்பிடணும்."

வத்சலா கோப்பையை மேசையில் வைத்த சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மூண்டாம் நாளோ? கடவுளே! என்ரை வீட்டிலை மூண்டாம் மாதம் ஓடுது!"

"அப்படி நேரடியா அப்ளை பண்ண முடியாதுக்கா. அந்தக் காலச் சூழ்நிலை வேற…"

"நீ வந்து அவைக்கு இதைச் சொல்லு. வாற ஞாயிறு."

வீட்டுக்கு வந்து நடேசனிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இதைக் கேக்கவோ டூபிங்கன் மட்டும் போனனீர்? விருந்தும் மருந்தும் மூண்டு நாள் எண்டு எங்கடை ஆச்சிமார் எப்பவோ சொல்லிப்போட்டினமே!"

"தெரிஞ்சுகொண்டே அவரை வைச்சிருக்கிறியள்?"

நடேசன் எழும்பிப் போய்ச் சுடுதண்ணீர்க் குழாயைத் திருகினார். தண்ணீர் குளிர்ந்துபோயிருந்தது.

ஆசீர்வாதம் சொன்னபடி வந்தான். குறிப்புத்தாள்களோடு எழுந்து நின்று, ஒரு பக்கம் பார்த்தால் இப்படி என்றான், மறுபக்கம் பார்த்தால் அப்படி என்றான். அலெக்சாந்திரியாவில் ஒரு கருத்து இருந்தது என்றான், அந்தியோகியாவில் இன்னொன்று இருந்தது என்றான். அறிஞர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று முடித்தான். சகோதரர் எலியேசர் எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார். "தம்பி படிச்சுக் கண்டதை ஆண்டவர் எனக்குப் படிக்காமலே காட்டினார்!" என்றார். கூட்டம் ஸ்தோத்திரம் சொன்னது. ஆசீர்வாதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வத்சலாவின் பக்கம் பாராமல் இருந்தான்.

திரும்பும் ரயிலுக்கு அவள் அவனைக் கொண்டுபோய் விட்டாள். ரயில் புறப்படும்போது, "ஆசீர்வாதம், அண்டைக்கு அந்த மீன் விக்கிறவள் உன்னட்டைக் கேட்டிருந்தா அவளும் கெட்டுப்போயிருப்பாள்" என்றாள். அவன் சாளரத்தின் அந்தப் பக்கம் பரிதாபமாகத் தலையாட்டினான்.

அதற்கடுத்த புதன்கிழமை, பாக்கியநாதன் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி வார்டுக்குத் தொலைபேசியில் அழைத்தாள். அந்த இந்தியர் வேலைக்குப் போகவில்லை, வாந்தி எடுக்கிறார், வைத்தியரைக் கூப்பிட விடமாட்டேன் என்கிறார், உங்கள் பெயரைத்தான் முன்பு சொல்லியிருந்தார் என்றாள். வத்சலா சீருடையைக்கூட மாற்றவில்லை. மேலே ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு டிராம் பிடித்து ஓடினாள்.

கதவைத் திறந்ததுமே அந்த மணம் வந்தது. அழுகத் தொடங்கிய பழத்தின் மணம். வார்டில் அந்த மணத்தை அவள் எத்தனையோ பேரின் மூச்சில் பிடித்திருக்கிறாள். பாக்கியநாதன் கட்டிலில் கிடந்தார். உதடு வெடித்து, கண் குழிவிழுந்து, மலை ஏறுகிறவரைப் போல ஆழ ஆழ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தலைமாட்டில் ஒரு வெற்றுத் தண்ணீர்ச் சாடி.

"ஊசி எப்ப போட்டனீங்கள்?"

"விட்டுட்டேன் சிஸ்டர்." நாக்கு ஒட்டிக்கொண்டு சொல் குழறியது. "சண்டேக்கு அப்புறம் போடல. ஃபெய்த்ல நிக்கிறேன். பிரதர் சொன்னாரு… இது பொய்யான தாகம்னு…"

அந்த இடத்தில் அவளுக்கு வந்தது கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தபடி, "பொய்த் தாகத்துக்கு ஏன் ஒரு சாடி தண்ணி குடிச்சனீங்கள்?" என்று அதட்டினாள். வீட்டுக்காரியிடம் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னாள்.

"வேண்டாம் சிஸ்டர். நான் வரல. ப்ளீஸ்."

"நீங்கள் வரத் தேவையில்லை. உங்கடை சாக்கு மட்டும் வரட்டும்."

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவருக்கு நினைவு தப்பியிருந்தது. அவளுடைய வார்டிலேயே சேர்த்தார்கள். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் சொல்ல ஒன்றும் இருந்திராது என்று டாக்டர் சொன்னார். அன்று மாலை வரை கட்டிலருகிலேயே நின்று, சொட்டுச் சொட்டாக இறங்கிய உப்புநீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நனைந்த பஞ்சால் அவர் உதட்டைத் துடைத்துவிட்டாள். கடவுள் இப்படி ஒரு உடம்பை எடுத்துக்கொள்ளவில்லை என்றால், தாகத்தில் இப்படி நாக்கு ஒட்டிக்கொள்வது என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாத ஒருவரிடமா இத்தனை வருஷம் தான் ஜெபித்தது? சின்ன வயதில் மனப்பாடம் செய்த வரிகள், அர்த்தம் யோசிக்காமலே ஒப்பித்தவை, அந்தக் கட்டிலடியில் அவளுக்குப் பிடிமானமாக நின்றன.

வீட்டுக்குப் போனபோது சகோதரர் சாய்கதிரையில் இருந்தார். நடேசனும் பக்கத்தில் இருந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள்.

சகோதரர் நெற்றியைச் சுருக்கினார். பிறகு, "கடைசி நேரத்துல சந்தேகப்பட்டுட்டாரு போல" என்றார். "இல்லேன்னா சகோதரி உள்ள போனதுல அவர் விசுவாசம் கலைஞ்சிருக்கும்."

நடேசன்தான் முதலில் எழுந்தார். தொண்டையைச் செருமினார். அவர் குரல் உயர்ந்து வத்சலா கேட்டதே இல்லை, அன்றும் உயரவில்லை. "ஐயா, நான் உங்கடை சமயமில்லை. எனக்கு அதுகள் விளங்காது. ஆனால் ஒரு மனுசன் சாகக் கிடக்கேக்க, பார்க்கப் போகவேணும் எண்டுகூட உங்களுக்குத் தோன்றேல்லையே."

"தம்பி, நான் இங்கேயிருந்தே ஜெபிக்கிறேன்."

"ஓம், இருந்துதானே கொண்டிருக்கிறியள்" என்றார் நடேசன்.

வத்சலா குறுக்கிட்டாள். "சகோதரர், பாட்டுக்கும் சோத்துக்கும் நான் கணக்குப் பார்க்கேல்லை. ஆனால் இஞ்சை நிரந்தரமா இருக்கிறதெண்டால் வேலை செய்யவேணும். எங்கடை ஆஸ்பத்திரி சலவைப் பகுதியிலை ஆள் தேவை. விசாரிச்சிட்டன். ஆன்ட்ராக், விண்ணப்பப் படிவம் ஒண்டு நிரப்பினால் போதும். நாளைக்கே கூட்டிக்கொண்டு போறன்."

"சலவையா?" சகோதரரின் குரல் முதன்முறையாக ராகம் இழந்தது. "நான் கர்த்தருடைய ஊழியக்காரன், சகோதரி."

"பவுல் அப்போஸ்தலன் கூடாரம் தைச்சவர். நீங்கள் விரிப்புத் தோய்க்க ஏலாதோ?"

அவர் மேலறைக்குப் போய்விட்டார். பெட்டி கட்டுவார் என்று எதிர்பார்த்தாள். கட்டவில்லை. சனிக்கிழமை சாப்பாட்டுக்குக் கீழே இறங்கி வந்தார். இந்த மனிதருக்கு ரோஷம் என்பதும் மாயைதான் போலும் என்று நினைத்துக்கொண்டு அவள் சோறு போட்டாள்.

ஞாயிறு பிற்பகல் அறை நிறைந்திருந்தது. பாக்கியநாதனின் செய்தி எல்லாருக்கும் எட்டியிருந்தது. முகங்களில் பயம் இருந்தது. சிலர் வத்சலாவை ஒரு மாதிரிப் பார்த்தார்கள், ஏதோ அவள்தான் அவரை விழுத்தியவள் என்பதைப் போல. சகோதரர் பேச எழுந்தார். அவள் அதற்கு முன்னே எழுந்தாள்.

"ஒரே ஒரு கேள்வி. அதுக்குப் பதில் சொல்லிப்போட்டுப் பேசுங்கோ. இயேசு எங்களைப் போல இரத்தமும் தசையுமாய் வந்தாரோ, இல்லையோ?"

"அது ஆமா இல்லைன்னு பதில் சொல்ற கேள்வி இல்ல, சகோதரி. ஆழமான…"

"ஆழம் வேண்டாம். ஓமோ? இல்லையோ?"

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "முதிர்ச்சி இல்லாதவங்களுக்கு இது புரியாது" என்றார்.

"எனக்கு முதிர்ச்சி வேண்டாம். நான் சின்னனிலை கேட்டது இது இல்லை. நீங்களும் கேட்டது இது இல்லை." அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். மடிக்க அங்கே எதுவும் அகப்படவில்லை. "ஞானஸ்நானத்திலை என்ன சொன்னனாங்கள்? ஆருக்கும் ஞாபகம் இல்லையோ? நாள் முழுக்க நான் மாம்சத்தைத்தான் பார்க்கிறன், உண்மைதான். அந்த மாம்சம் ஒண்டு அங்கை ஆஸ்பத்திரியிலை கிடக்குது. அதை அவர் நேசிக்கேல்லை எண்டால் எனக்கு அப்பிடி ஒரு இயேசு வேண்டாம்."

கடைசி வரிசையில் இருந்த தஞ்சாவூர்க்காரர் குருமூர்த்தி, வழக்கமாக வாயே திறக்காதவர், எழுந்து நின்று தயங்கித் தயங்கி, ஞானஸ்நானத்தில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கினார். கன்னியின் வயிற்றில் பிறந்து, பாடுபட்டு, மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு என்று வரும் அந்தப் பழைய வரிகள். இன்னொருத்தி எழுந்தாள். வேறு இரண்டு பேர். ஆனால் லூத்தரன்களுக்கு ஒரு மொழிபெயர்ப்பு, யாழ்ப்பாணத்தாருக்கு இன்னொன்று, கத்தோலிக்கருக்கு வேறொன்று. இரண்டாம் வரியிலேயே ஆளுக்கு ஒரு சொல்லாகப் பிரிந்து, ஒருவர் முந்த ஒருவர் பிந்த, ஒரே இரைச்சல். வத்சலாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல வந்தது. இதைக்கூட ஒன்றாகச் சொல்லத் தெரியாத சனம்! ஆனாலும் நிறுத்தாமல் தன் ஊர்ச் சொற்களில் சொன்னாள். எல்லாரும் ஆமென்னில் எப்படியோ வந்து சேர்ந்தார்கள்.

எல்லாரும் என்பது சரியல்ல. நான்கைந்து பேர் உட்கார்ந்தே இருந்தார்கள். சகோதரர் ஓவர்கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறியபோது அவர்களும் கூடவே எழுந்து போனார்கள். அதில் ஒருத்தி வத்சலாவோடு ஒரே வார்டில் வேலை செய்த தாதி நேசம். அவளுக்கு ஜெர்மன் சொல்லிக் கொடுத்தவளே வத்சலாதான். கதவடியில் திரும்பி, "அக்கா, உங்களுக்குப் பொறாமை" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு பல மாதம் வார்டில் அவர்கள் நோயாளியின் மருந்தைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

சகோதரர் எலியேசர் எஸ்லிங்கனில் ஒரு குடும்பத்தோடு போய்த் தங்கினார். அங்கே சலித்ததும் பீலெஃபெல்டுக்குப் போகப்போவதாகக் கேள்விப்பட்டு, அங்கிருந்த ஒரு தெரிந்த குடும்பத்துக்கு வத்சலா மூன்று பக்கம் கடிதம் எழுதினாள். அந்த மனிதர் என்ன சொல்கிறார், அது ஏன் பிழை, வீட்டில் வருத்தக்காரர் இருந்தால் மருந்தை நிறுத்த விடாதேயுங்கோ என்றெல்லாம் விளக்கமாக எழுதினாள். பதில் கோடை முடியும்போது வந்தது. அவர் வந்து ஒரு மாதம் இருந்துவிட்டு ஹாலந்துக்குப் போய்விட்டார், இதைக் கொஞ்சம் முந்தி எழுதியிருக்கக் கூடாதா என்று கேட்டிருந்தார்கள். வத்சலா அந்தக் கடிதத்தைத் தபால்தலை அளவுக்கு மடித்தாள்.

பாக்கியநாதன் உயிர் பிழைத்தார், ஆனால் அவள் மேல் கோபமாக இருந்தார். தன்னைச் சாக விடாததற்காக அல்ல; தான் விசுவாசத்தில் தோற்றதை அவள் கண்ணால் பார்த்துவிட்டதற்காக. அடுத்த வருஷம் ஈஸ்டருக்குப் பிறகு ஒரு ஞாயிறு, சொல்லாமல் கொள்ளாமல் கூட்டத்துக்கு வந்து பின்வரிசையில் அமர்ந்தார். தேநீர் நேரத்தில் அவள் கோப்பை கழுவிக்கொண்டிருந்த சின்னச் சமையலறைக்குள் வந்து, ஊசியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, "அளவு சரியா பாருங்க சிஸ்டர்" என்றார். அவள் பார்த்தாள். சரியாக இருந்தது. நன்றி என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். அவர் சட்டையைத் தூக்கி வயிற்றில் குத்திக்கொண்டதைப் பார்த்தபோது, அந்த எதிர்பார்ப்பு எங்கோ போய்விட்டது.

நேசமும் திரும்பி வந்தாள், ஆனால் அதற்குக் காலம் பிடித்தது. மற்றவர்கள் வரவேயில்லை. அவர்களுடைய பெயர்களை வத்சலா ஜெபத்தில் சொல்லிவந்தாள், சில நாட்களில் பல்லைக் கடித்துக்கொண்டு. ஆசீர்வாதம் பட்டம் வாங்கி ஊருக்குப் போகுமுன் ஒருமுறை வந்து, அந்தப் பழைய நிருபத்தை அவர்களோடு சேர்ந்து தொடக்கத்திலிருந்து முடிவு வரை வாசித்தான். ஒரு பக்கம் மறுபக்கம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் வத்சலா பார்த்த பார்வை அப்படி.

1977இல் ஒரு புதுக் குடும்பம் கூட்டத்துக்கு வந்தது. அந்த வீட்டு அம்மா ஒரு பளபளப்பான துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்து எல்லாருக்கும் விநியோகித்தாள். உலகம் முடியப்போகும் திகதி அதில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. வரும் ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை.

வத்சலா அதை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தாள். பிறகு கைப்பையிலிருந்து டியூட்டி அட்டவணையை எடுத்துப் பார்த்தாள்.

"அண்டைக்கு எனக்குக் காலமை டியூட்டி. மாத்த ஏலாது" என்றாள்.

அறை சிரிப்பால் அதிர்ந்தது. வத்சலா சிரிக்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே அன்று டியூட்டி இருந்தது.